பங்குக் கடன் சங்கத்தில் வாரியத் தேர்தல்: ஃபாதர் பெயர் சொன்னால் போதுமா?

ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். எஸ்டேட் டவுன், கத்தோலிக்கப் பங்கு (ஒரு கோயிலைச் சேர்ந்த சமூகம்), அந்தப் பங்கு மக்கள் தோட்டத்தில் இருந்த காலத்திலேயே தொடங்கிய கிரெடிட் யூனியன், அதாவது உறுப்பினர்கள் சேமித்து அதிலிருந்தே கடன் வாங்கும் சங்கம். அடுத்த மாதம் கோயில் மண்டபத்தில் ஆண்டுப் பொதுக்கூட்டம், வாரியத்தில் நான்கு இடம் காலி. பூசை முடிந்ததும் ஃபாதர் நான்கு பெயரைச் சொல்லிவிட்டாராம். "கூட்டத்தில் கை தூக்கினால் போதும், கோயிலுக்குள் எதற்குத் தேர்தல்" என்கிறார்களாம் பெரியவர்கள். கேட்பவர் பாமாயில் ஆலையில் கணக்கு வேலை பார்க்கிறார். அன்பியத்துப் பெண்கள், அதாவது பங்குக்குள் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழுவின் பெண்கள், இவரை நிற்கச் சொல்கிறார்கள். நிற்கலாமா, நின்றால் ஃபாதரை எதிர்த்த மாதிரி ஆகிவிடுமா, மற்ற இடங்களுக்கு யாருக்கு ஓட்டுப் போடுவது என்று கேட்கிறார்.

நில்லுங்கள். அது ஃபாதரை எதிர்ப்பது ஆகாது. மலேசியாவில், வடக்குப் பேராக்கில், பாரிட் புந்தார் பக்கம், இதே மாதிரி ஒரு சங்கத்தில் முதலில் உள்தணிக்கைக் குழுவிலும் அப்புறம் வாரியத்திலும் நெடுநாள் இருந்தவள் நான். கை தூக்கி முடித்துவிடும் தேர்தல் ஒரு சங்கத்தை என்ன செய்யும் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பணம் யாருடையது என்று பார்ப்போம். ஞாயிறு காணிக்கை பங்கின் பணம். அதற்குப் பங்குத்தந்தை பொறுப்பு, அவருக்கு உதவ நிதிக்குழு இருக்கிறது. கடன் சங்கத்தில் கிடப்பது அந்தப் பணம் இல்லை. மாதம் இருபது வெள்ளி (ரிங்கிட்), ஐம்பது வெள்ளி என்று ஆயம்மாவும் லாரி ஓட்டுநரும் பென்சன் வாங்கும் கிராணியும் (குமாஸ்தாவும்) போட்டு வைத்த சொந்தச் சேமிப்பு. திருச்சபைச் சட்டமே இந்த இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 285ஆம் சட்டம், நான்காம் பகுதி: ஆயரின் அனுமதி இல்லாமல் குருக்கள் பொதுநிலையினரின் (குருக்கள் அல்லாத மக்களின்) சொத்தை நிர்வகிக்கக் கூடாது, கணக்கு ஒப்புவிக்க வேண்டிய உலகப் பதவிகளை ஏற்கக் கூடாது. ஆயரைக் கலந்து பேசாமல் தன் சொந்தப் பணத்தை வைத்துக்கூட இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் நிற்கக் கூடாது என்றும் அதிலேயே இருக்கிறது. குருவானவரை மக்கள் பணத்தின் வில்லங்கத்தில் இருந்து காப்பாற்றத்தான் இந்த விதி. ஃபாதர் ஆலோசகராக இருக்கலாம், கூட்டத்தை ஜெபத்தோடு தொடங்கி வைக்கலாம், "நல்லவர்களைத் தேர்ந்தெடுங்கள்" என்று பிரசங்கமும் வைக்கலாம். யார் என்று முடிவு செய்ய வேண்டியது உறுப்பினர்கள்.

வரலாறும் இதைத்தான் சொல்கிறது. ஜெர்மனியில் 1860களில் கிராமக் கடன் சங்கங்களைக் கட்டிய ரைஃபைசன் ஆழ்ந்த விசுவாசமுள்ள ஒரு மேயர். விவசாயிகள் ஒருவரை ஒருவர் நம்பி ஒருவருக்கொருவர் பொறுப்பு ஏற்க வேண்டும், வாரியத்தில் இருப்பவர் சம்பளம் வாங்கக் கூடாது என்பது அவர் வகுத்த முறை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் டாம்ப்கின்ஸ், கோடி என்ற இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் மீனவர்களையும் சுரங்கத் தொழிலாளர்களையும் சிறு சிறு குழுக்களாக உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார்கள். அந்தக் குழுக்கள்தான் பிறகு கிரெடிட் யூனியன்களாக வளர்ந்தன. 1960இல் கொரியாவின் பூசானில் முதல் கிரெடிட் யூனியனைத் தொடங்கி வைத்தவர் ஒரு கன்னியாஸ்திரி. குருக்களும் கன்னியரும் விதை போட்டார்கள், கற்றுக் கொடுத்தார்கள். நடத்துவதை மக்கள் கையில் கொடுத்தார்கள்.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். உங்கள் சங்கம் பதிவு பெற்றதா என்று முதலில் பாருங்கள். தோட்டப்புறங்களில் பதிவு இல்லாமலே ஓடும் சிறு சேமிப்புக் குழுக்களும் உண்டு. பதிவு இல்லாத குழு தன் பெயரில் "கோப்பராசி" என்று போட்டுக்கொள்ள முடியாது, பிரச்சினை வந்தால் முறையிட ஆணையமும் இல்லை. பதிவு பெற்றிருந்தால் 1993ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டம், அதாவது சட்டம் 502, உங்களைக் கட்டுப்படுத்தும். 2008 முதல் எஸ்கேஎம் என்று நாம் சொல்லும் மலேசியக் கூட்டுறவு ஆணையம் அதை மேற்பார்க்கிறது. கணக்காண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் ஆண்டுக் கூட்டம் நடக்க வேண்டும். வாரியத்தில் ஆறு பேருக்குக் குறையாமல், பதினைந்து பேருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். உள்தணிக்கைக் குழு தனி, அதில் மூன்று முதல் ஆறு பேர். பத்தாயிரம் வெள்ளி வைத்திருப்பவருக்கும் ஐந்நூறு வெள்ளி வைத்திருப்பவருக்கும் ஒரே ஓட்டு. "என் தம்பி ஜொகூரில் வேலை, அவன் ஓட்டையும் நானே போடுகிறேன்" என்பது செல்லாது. மற்றதெல்லாம் உங்கள் சங்கத்தின் உண்டாங்-உண்டாங் கெச்சிலில், அதாவது துணைவிதியில் இருக்கும்: எத்தனை நாள் முன் அறிவிப்பு, வேட்பு மனு எப்போது மூடும், கோரம் (கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச உறுப்பினர்) எவ்வளவு, ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பேர் இறங்க வேண்டும். அந்தச் சின்னப் புத்தகத்தைச் செயலாளரிடம் கேட்டு வாங்குங்கள். உறுப்பினர் கேட்டால் காட்டித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியவில்லை. பேங்கில் போடும் பணத்துக்கு பிடிம் என்கிற வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் ஒருவருக்கு ஒரு பேங்கில் 2,50,000 ரிங்கிட் வரை பொறுப்பு ஏற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் போடும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. உங்கள் சேமிப்புக்குக் காவல் அந்த வாரியமும் தணிக்கைக் குழுவும்தான். 1986இல் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வைப்புத்தொகை வாங்கிக்கொண்டிருந்த 24 கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளை அந்த ஆண்டு நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா முடக்கியது. இயக்குநர்கள் தங்களுக்கும் தங்கள் கம்பெனிகளுக்கும் கடன் கொடுத்துக்கொண்டது, நிலத்திலும் பங்குச் சந்தையிலும் உறுப்பினர் பணத்தை இறக்கியது, கேட்க ஆள் இல்லாதது எல்லாம் அப்புறம் வெளியே வந்தது. பணம் போட்டவர்கள் சாதாரணக் கடைக்காரர்கள், தொழிலாளிகள். அந்தச் சங்கங்களுக்கும் வாரியம் இருந்தது, ஆண்டுக் கூட்டமும் இருந்தது.

இப்போது கை தூக்கும் விஷயம். எங்கள் மண்டபத்தில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பால்மரம் சீவி ஓய்ந்த ஒரு வயதான அம்மா, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒரு பெயரைச் சொல்லி "ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள்" என்றார்கள். அம்மா கையை மடியிலேயே வைத்திருந்தார். வேட்பாளர் முன் வரிசையில் இருந்து சும்மா ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்த அம்மாவின் பேரன் மோட்டார் சைக்கிள் வாங்கிய கடனுக்கு ஜாமீன் போட்டவர் அவர். கை மெல்ல மேலே போனது. தோளுக்கு மேல் போகவில்லை, ஆனாலும் எண்ணிக்கையில் சேர்ந்துவிட்டது. யாரும் யாரையும் மிரட்டவில்லை. நம்முடைய எஸ்டேட் டவுனில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு ஏதோ ஒரு விதத்தில் கடமைப்பட்டவர். முன்னாள் கணக்கப்பிள்ளை, வேலைக்குச் சேர்த்துவிட்ட மண்டோர் (மேஸ்திரி), பிள்ளைக்கு ஞானத்தகப்பன், கல்யாணத்துக்கு மொய் எழுதியவர், எல்லோரும் அதே மண்டபத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பார்வையில் கை தூக்கச் சொன்னால் அது தேர்தல் ஆகாது.

அடுத்த தேர்தலில் சீட்டு முறை கொண்டுவந்தோம். பிஸ்கட் டின்னின் மூடியில் கத்தியால் கீறித் துவாரம் போட்டுப் பெட்டி ஆக்கினோம். வாசிக்கத் தெரியாதவர்களுக்காகச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் எண் போட்டு, அதே எண்ணைப் பெரிதாக எழுதிய அட்டையை வேட்பாளர் ஒவ்வொருவர் கையிலும் கொடுத்து நிற்க வைத்தோம். அதே அம்மா பென்சிலை வாங்கிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்று குறி போட்டார். யாருக்குப் போட்டார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

சீட்டுத் தேர்தல் பெரிய வேலை என்று சொல்பவர்களுக்கு: ஒரு மணி நேரம்தான் ஆகும். போட்டியிடாத ஒருவர் தேர்தல் அதிகாரி, பக்கத்துப் பங்கில் இருந்தோ பக்கத்துச் சங்கத்தில் இருந்தோ ஒருவரை அழைத்தாலும் நல்லது. வாசலில் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவர் எண்ணிக்கையும் கொடுத்த சீட்டின் எண்ணிக்கையும் ஒத்துப்போக வேண்டும். ஒவ்வொரு சீட்டின் பின்னாலும் அதிகாரியின் சுருக்கொப்பமோ சங்கத்தின் சாப்போ (முத்திரையோ) இருக்க வேண்டும். நான்கு இடத்துக்கு ஐந்து குறி போட்டால் சீட்டு செல்லாது என்று ஆரம்பிக்கும் முன்பே இரண்டு தடவை சொல்லுங்கள். எண்ணுவதை அறைக்குள் கொண்டுபோகாமல் எல்லோர் முன்னாலும் எண்ணுங்கள், கரும்பலகையில் ஐந்து ஐந்து கோடாகப் போட்டு. சீட்டுகளை உறைக்குள் போட்டு ஒட்டி, கூட்டக் குறிப்பு உறுதியாகும் வரை வைத்திருங்கள். ஃபாதர் சொன்ன நான்கு பேரும் இதில் தாராளமாக நிற்கலாம். நல்லவர்களாக இருந்தால் மக்கள் போடுவார்கள், அவர்களுக்கும் அது மரியாதை.

யாருக்குப் போடுவது என்பதுதான் உங்கள் கேள்வியில் கடினமான பகுதி. நம் ஆட்கள் வழக்கமாகப் பார்ப்பது மூன்று: பேச்சு, பக்தி, அந்தஸ்து. மைக்கில் நன்றாகப் பேசுபவர், மரியாயின் சேனை என்ற பக்த சபையில் முன்னே நிற்பவர், கடை வைத்திருப்பவர். இந்த மூன்றும் இருந்தும் வாரியத்துக்கு உதவாத ஆள் உண்டு. வாரியக் கூட்டத்தில் உண்மையாக நடப்பது என்ன? மேசை மேல் பத்துக் கடன் மனு. ஒன்று வாரிய உறுப்பினரின் மச்சான் மகள் கல்யாணத்துக்கு. பழைய கடனில் நான்கு மாதத் தவணை நிற்கிறது, ஜாமீன் போட்டவரும் தவணை தவறியவர். மச்சான் வாசலில் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் "இப்போது முடியாது, பழையதை இரண்டு மாதம் கட்டிவிட்டு வரட்டும்" என்று சொல்லக்கூடியவர் யார்? சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறு அந்த மச்சானுக்கு வணக்கம் சொல்லக்கூடியவர் யார்? அவரே உங்கள் வேட்பாளர். தன் சொந்தக்காரர் மனு வரும்போது "இதில் நான் இல்லை" என்று எழுந்து வெளியே போகத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். அப்புறம், வாய் காப்பவர். யார் எவ்வளவு கடன், யார் வீட்டில் என்ன கஷ்டம் என்பது டீக்கடைக்கு வந்துவிட்டால் அடுத்த மாதம் அந்தக் குடும்பம் சங்கத்துக்கு வராது, ஆலோங்கிடம், அதாவது கந்துவட்டிக்காரனிடம் போகும்.

அவருடைய பாஸ் புத்தகத்தையும் பாருங்கள். மாதாமாதம் தவறாமல் சேமிப்பவரா, கடன் வேண்டும் என்னும்போது மட்டும் சங்கம் ஞாபகம் வருபவரா? எத்தனை பேருக்கு ஜாமீன் நிற்கிறார்? ஏழெட்டுப் பேருக்கு ஜாமீன் நிற்பவர் நல்ல மனசுக்காரர்தான், ஆனால் அந்த ஏழெட்டு மனுவிலும் அவரால் நேர்மையாகப் பேச முடியாது. இதையெல்லாம் கூட்டத்தில் கேட்கலாமா என்றால், கேட்கலாம். மரியாதையாகக் கேளுங்கள். "அண்ணே, நீங்கள் வாரியத்துக்கு வந்தால், தவணை தவறியவர்களிடம் எப்படி வசூலிப்பீர்கள்?" என்ற ஒரு கேள்வியை எல்லா வேட்பாளருக்கும் ஒரே மாதிரி வையுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். "பேசிப் பார்ப்போம், நம்ம ஆட்கள்தானே" என்பவரையும், "முதல் மாதமே வீட்டுக்குப் போய் விசாரிப்பேன், காரணம் நியாயமாக இருந்தால் தவணையைக் குறைத்து எழுதி வாங்குவேன்" என்பவரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நீங்களே முடிவு செய்யலாம்.

கணக்கு தெரிந்தவர் என்பதால் உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் லாபத்தையும் டிவிடெண்டையும் அப்புறம் பாருங்கள். முதலில் தவணை நிற்கும் கடன் எவ்வளவு என்று தேடுங்கள். உலகக் கிரெடிட் யூனியன் மன்றத்தின் பேர்ல்ஸ் என்ற அளவுகோல்படி, மொத்தக் கடனில் தவணை தவறிய கடன் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தவறிய தவணையை மட்டும் எடுத்தால் தொகை சின்னதாகத் தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் தவறினால் அந்தக் கடனில் மீதி நிற்கும் முழுத் தொகையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். அடுத்து, வாரிய உறுப்பினர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வாங்கிய கடன் எவ்வளவு, அதில் நிற்பது எவ்வளவு. இந்த இரண்டு எண்ணும் அறிக்கையில் இல்லை என்றால் கூட்டத்தில் கேட்டு, கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அறிக்கை மலாயில் இருக்கும். நம் மூத்த உறுப்பினர்கள் பலருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்க வரும். பொருளாளர் அந்தப் பக்கத்தைத் தமிழில் விளக்காமல் "அறிக்கையை ஏற்றுக்கொள்கிறோம்" என்று தீர்மானம் போட விடாதீர்கள். தேர்தலுக்கு முன்னால் நடக்கும் இந்த அரை மணி நேரம்தான் மக்களுக்கு யாருக்குப் போடுவது என்று காட்டும்.

உள்தணிக்கைக் குழுவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வாரியத் தேர்தல் முடிந்து பசி எடுத்த நேரத்தில் "மீதி இருப்பவர்கள் தணிக்கைக்கு" என்று மூன்று பெயரைச் சேர்த்து விடுவது பல சங்கங்களில் வழக்கம். அது பெரிய ஆபத்து. வாரியத்தில் ஆறு பேர் சரியில்லை என்றாலும், பாஸ் புத்தகத்தையும் லெட்ஜரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு பேர் தணிக்கையில் இருந்தால் சங்கம் தப்பும். முடிந்தால் தணிக்கைக் குழுவை முதலில் தேர்ந்தெடுங்கள். தலைவரின் தம்பி, பொருளாளரின் மனைவி அதில் வேண்டாம்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் சங்கத்தில் மாதாமாதம் வரிசையில் நின்று பணம் கட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வாரிய மேசையிலோ பல ஆண்டுகள் ஆண்கள் மட்டும். பள்ளிக் கட்டணத்துக்கும் மருத்துவத்துக்கும் கேட்கும் சின்னக் கடன் தள்ளிப்போகும், கார் கடன் சீக்கிரம் பாஸாகும். பெண்கள் வந்த பிறகு அவசரக் கடனுக்குத் தனி வரிசை வந்தது, வசூலும் ஒழுங்கானது. உங்கள் அன்பியத்துப் பெண்கள் உங்களை நிற்கச் சொல்வது சும்மா இல்லை.

கோரம் பற்றி ஒரு வார்த்தை. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பத்துப் பத்து வெள்ளியாகப் பங்கு கட்டித் தோட்டம் வாங்கக் கூடிய மக்கள் நாம். துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அப்படித்தான் வளர்ந்தது. இன்று தோட்டம் வீடமைப்புத் திட்டமாகி, உறுப்பினர்கள் பினாங்கு, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டார்கள். வருகிற முப்பது பேர் வைத்ததே சட்டம் ஆகிவிடுகிறது. கூட்டத் தேதியை மாற்ற முடியுமானால் பிள்ளைகள் ஊருக்கு வரும் நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள்: ஈஸ்டர் வாரம், பங்குத் திருவிழா. இந்த ஆண்டு முடியாது என்றால் வாட்ஸ்அப்பில் அறிவிப்பைப் போட்டு, ஒவ்வோர் அன்பியத்திலும் ஒருவர் வீடு வீடாகச் சொல்லட்டும். முதியவர்களை ஏற்றிவர இரண்டு கார் ஏற்பாடு செய்யுங்கள். காரில் ஏறியவரிடம் யாருக்கு ஓட்டு என்று மட்டும் பேசக் கூடாது.

இனி உங்கள் விஷயம். ஃபாதரைக் கூட்டத்தில் மடக்க வேண்டாம். இந்த வாரமே பூசைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். "ஃபாதர், நானும் நிற்கலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் சொன்ன நான்கு பேரும் நிற்கட்டும். தேர்தலைச் சீட்டில் வைத்தால் பங்குக்குள் மனஸ்தாபம் வராது. அதை நீங்களே சொன்னால் எல்லோரும் கேட்பார்கள்" என்று சொல்லுங்கள். பெரும்பாலான குருக்களுக்கு இதில் நிம்மதிதான். நாளைக்குக் கணக்கு இடித்தால் "ஃபாதர் போட்ட ஆட்கள்" என்ற பழி அவர் மேல் விழாது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றாலும் சண்டை வேண்டாம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து "சீட்டு வாக்கெடுப்பு வேண்டும்" என்று முன்மொழிந்து, இன்னொருவர் வழிமொழியட்டும். துணைவிதியில் சீட்டு முறை என்று ஏற்கெனவே இருந்தால் அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.

நின்று ஜெயித்தால் வேலை இருக்கிறது. புதிய வாரிய உறுப்பினர்களுக்கான கட்டாயப் பயிற்சிக்குப் போக வேண்டும், மாதம் ஓர் இரவு கடன் மனுக்களோடு போகும், சொந்தக்காரர் சிலர் முகத்தைத் திருப்புவார்கள். வீட்டில் இப்போதே பேசி வையுங்கள், உங்கள் கணவரோ அப்பாவோ யாருக்காகவும் உங்களிடம் கடன் சிபாரிசு கொண்டுவரக் கூடாது என்று. உங்கள் பெயரில் தவணை பாக்கி ஏதாவது இருந்தால் வேட்பு மனு மூடும் முன் கட்டிவிடுங்கள், சந்தாவையும் சரிபாருங்கள். அந்த ஒரு காரணத்தைக் காட்டி மனுவைத் தள்ளிய சங்கங்கள் உண்டு. முன்மொழிபவரும் வழிமொழிபவரும் சந்தா கட்டிய உறுப்பினர்தானா என்று அவர்கள் பாஸ் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பாரத்தைச் செயலாளரிடம் கொடுக்கும்போது ஒரு நகலில் தேதியோடு சாப் வாங்கிக்கொள்ளுங்கள்.